விலைக்கு வாங்கிய வில் பரிமாற்றம் ஆகுமா?



மரத்தால் ஒரு வில்லைச் செய்து, தம்மைப் போன்ற இன்னொரு வில்லார்வலருக்குக் கொடுத்துவிட்டு, மற்றொருவர் செய்த வில்லைத் தாம் பெற்றுக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. அமெரிக்க மரவில் வினைஞர்களிடம் நாங்கள் கற்றுக்கொண்ட வழக்கம் இது. பெயர்களைக் குலுக்கிப் போடுவோம். யாருடைய பெயர் நம் கையில் வருகிறதோ அவருக்காகச் செய்யவேண்டும். அவர் நாணை எத்தனை அங்குலம் இழுப்பவர், எத்தனை இராத்தல் விசையைத் தாங்குபவர், வலக்கையரா இடக்கையரா என்னும் மூன்று செய்திகள் மட்டுமே நமக்குத் தரப்படும். ஆறு மாதங்களில் வில் அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். இதில் பணத்துக்கு இடமே இல்லை.

எங்கள் சிறு வட்டத்தில் எண்மர் இருக்கிறோம். தமிழர் இருவர்; ஏனையோர் மலாய், சீன நண்பர்கள். இவ்வாண்டு குலுக்கலுக்கு முன்னர் இரண்டு புதிய விதிகள் முன்மொழியப்பட்டுள்ளன. ஒன்று, நேரமில்லாதவர் கடையில் வில் வாங்கி அனுப்பலாம். மற்றொன்று, எந்த வில்லும் 300 வெள்ளிக்குக் குறைந்த மதிப்புடையதாக இருக்கக்கூடாது. "எவருக்கும் இழப்பு வரக்கூடாது" என்பதே காரணமாம்!

இவ்விரண்டையும் நான் எதிர்க்கிறேன். ஏன் எதிர்க்கிறேன் என்பதைச் சொல்லுமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த முன்மொழிவுக்குக் காரணமே நான்தான். சென்ற ஆண்டு நான் செய்தனுப்பிய வில் மூன்றாம் வாரத்தில் முறிந்தது. அதைப் பெற்ற நண்பரோ, தம் பங்கிற்கு மிக நேர்த்தியான ஹிக்கரி வில் ஒன்றை இன்னொருவருக்குச் செய்து கொடுத்திருந்தார். அவருடைய மனக்குறை நியாயமானது. அதற்கு அவர் சொல்லும் தீர்வுதான் தவறானது.

மதிப்பு என்பது எது?

300 வெள்ளி என்று எதை அளந்து சொல்வீர்கள்? பலகையின் விலையையா? நான் ஒரு வில்லுக்கு 40 மணி நேரம் செலவிடுகிறேன். கைதேர்ந்தவர் அதில் பாதி நேரத்தில் முடித்துவிடுவார். அப்படியானால் என் வில் இருமடங்கு மதிப்புடையதா? இல்லையே! விலை வைத்தால் விலை ஏற்றும் வேலைதான் நடக்கும். பளபளக்கும் மெருகெண்ணெயும் கைப்பிடியில் சுற்றிய தோலும் மதிப்பைக் கூட்டிக் காட்டும். வில்லின் உயிரான சீரான வளைவு எந்த விலைப்பட்டியலிலும் வராது.

அந்த வளைவு எப்படி வருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வில்லை வளைக்கும்போது இலக்கை நோக்கிய பக்கமாகிய முதுகு இழுபடுகிறது. எய்பவரை நோக்கிய பக்கமாகிய வயிறு நெரிபடுகிறது. முதுகில் இழையோட்டம் அறுபட்டிருந்தால் அங்கே சிம்பு கிளம்பும், அதன்பின் முறியும். அதனால்தான் ஓசேஜ் ஆரஞ்சுக் கட்டையில் வேலை செய்பவர்கள், பட்டையையும் வெளிமரத்தையும் நீக்கிவிட்டு, ஒரே ஓர் ஆண்டு வளையத்தை நுனி முதல் நுனி வரை அறுபடாமல் பின்தொடர்கிறார்கள். பிறகு வயிற்றுப் பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டி, எங்கே விறைப்பாக இருக்கிறதோ அங்கே மட்டும் குறைத்து, நாணைச் சில அங்குலங்கள் இழுத்துப் பார்த்து, மறுபடி சுரண்டி, இரு பாதிகளும் ஒத்து வளையும்வரை பொறுமை காக்கிறார்கள். அளவுக்கு மீறிச் சுரண்டிய மரத்தை எவரும் திரும்ப ஒட்ட முடியாது.

நம் நாட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. வில்லுக்கான மரத்தில் ஈரம் 8 முதல் 10 விழுக்காடு வரை இருப்பது நல்லது. நம் ஈரக்காற்றில் திறந்துவைத்த பலகையில் அது 15 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். அத்தகைய மரம் வயிற்றுப் பக்கம் நசுங்கி, நாணைக் கழற்றிய பின்னும் வளைந்தே கிடக்கும். ஆகவே பெட்டிக்குள் மின்விளக்கெரித்து வாரக்கணக்கில் உலர்த்துகிறோம். இதையெல்லாம் நூல் ஓரளவே சொல்லித்தரும். பிறர் கையால் செய்த வில்லும் நம் கையில் முறிந்த வில்லுமே முழுமையாகச் சொல்லித்தரும்.

பெற்ற வில் ஒரு பாடநூல்

1545ஆம் ஆண்டில் மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் கடலில் மூழ்கியது. அதே ஆண்டில்தான் ரோஜர் ஆஸ்கம் வில்வித்தை பற்றிய தம் நூலாகிய 'டாக்சோஃபிலஸ்' என்பதை வெளியிட்டார். அவரும் ஓர் ஆசிரியரே. வில்லைப் பற்றி அழகாக எழுதினார். ஆயினும், அக்கால வில்லை எப்படிச் செதுக்கினார்கள் என்பதை இன்றைய வினைஞர்களுக்குத் தெளிவாகக் காட்டியவை, அந்தக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட 130க்கும் மேற்பட்ட முழு யூமர வில்களே. கப்பலின் உடல் 1982இல் மேலே தூக்கப்பட்டது. வெளிமரத்தை முதுகாகவும் உள்மரத்தை வயிறாகவும் விட்டு, ஒரே கட்டையில் இரு இயல்புகளைப் பயன்படுத்திய திறத்தை அந்த வில்களே சொல்லின.

இன்னொரு சான்று. தம் மக்களெல்லாம் வந்தேறிகளின் கொடுமையால் அழிந்தபின், யாஹி இனத்தின் இறுதி மனிதராக அறியப்பட்ட இஷி 1911இல் கலிஃபோர்னியாவில் வெளியுலகிற்கு வந்தார். அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றவர் சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர். இஷி 1916இல் மறைந்தார். போப் 1923இல் எழுதிய வேட்டை நூல்தான் அமெரிக்காவில் மரவில் ஆர்வத்தைப் பரப்பியது. ஒருவர் செய்ய, மற்றவர் பார்த்துக் கற்றார். அங்கிருந்து தொடங்கியது எல்லாம்.

பிறகு கண்ணாடியிழை வந்தது. 1969இல் காப்புரிமை பெற்ற கப்பி வில் வந்தது. கடைகளில் மரவில் அருகியது. 1992 முதல் நான்கு தொகுதிகளாக வெளிவந்த மரபு வில் வினைஞர் நூல்கள் அந்தக் கலையைப் புதிய தலைமுறையிடம் சேர்த்தன. கலை பிழைத்தது வாங்கியவர்களாலா, செய்தவர்களாலா? விடையை நீங்களே சொல்லுங்கள்.

கடைவில்லில் கண்ணாடியிழைத் தகடு மரத்தை மூடிவிடுகிறது. அதிலிருந்து நான் எதைப் படிப்பது? முன்னொரு பரிமாற்றத்தில் எனக்கு வந்த மேப்பிள் வில்லின் கைப்பிடியருகே அரத்தின் தடம் இன்னும் தெரிகிறது. செய்தவர் எங்கே தயங்கினார், எங்கே துணிந்தார் என்பது அதில் எழுதியிருக்கிறது. என் இரண்டாவது வில்லின் அகலத்தை அதைப் பார்த்துத்தான் மாற்றினேன்.

சில மறுப்புகளும் விடைகளும்

"தொடக்கநிலையாளர் செய்த வில்லைத் தேர்ந்தவர் பெறுவது முறையா?" முறைதான். தேர்ந்தவர் அதைப் பார்த்து இரண்டு வரி எழுதி அனுப்பினால், தொடக்கநிலையாளர் ஓராண்டுத் தடுமாற்றத்தைத் தாண்டிவிடுவார். வகுப்பறையில் வல்ல மாணவனையும் மெல்லக் கற்பவனையும் ஒரே மேசையில் அமர்த்துகிறோமே, எதற்காக?

"எனக்கு நேரமில்லை." நன்று, இவ்வாண்டு விலகி இருங்கள். அடுத்த ஆண்டு வாருங்கள். இது வரியன்று, கட்டாயமுமன்று.

"முறிந்தால் ஆபத்தாயிற்றே?" இது ஒன்றுதான் சரியான மறுப்பு. இதற்கு மூன்று விதிகள் போதும். அனுப்புமுன் செய்தவரே 100 அம்புகளேனும் எய்து பார்க்கவேண்டும். தமக்குத் தெரிந்த குறையை மறைக்காமல் எழுதி அனுப்பவேண்டும். ஓராண்டுக்குள் முறிந்தால் வேறொன்று செய்து தரவேண்டும். பெறுபவரும் அம்பில்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது; அது நல்ல வில்லையும் கெடுக்கும்.

நம் தமிழர்க்கும் ஒரு சொல். சேரரின் சின்னம் வில் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவோரில் எத்தனை பேர் ஒரு வில்லுக்கு நாண் பூட்டிப் பார்த்திருக்கிறோம்? 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டபோது, இனி பிள்ளைகள் கையால் செய்து கற்பார்கள் என்று மகிழ்ந்தவன் நான். ஆயினும் கைவினைப் பாடத்திற்குக் கடையில் வாங்கிய பொருளைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் பெற்றோரை இன்றும் காண்கிறேன். அவர்களைக் கண்டிக்கும் நான், வளர்ந்தவர் எண்மர் அதையே செய்ய எப்படிக் கையுயர்த்துவேன்?

என் பிழையும் என் கடனும்

முறிந்த அந்த வில் ஆஷ் பலகையில் செய்தது. மேற்பாதியில் ஓரிடத்தில் இழை சாய்ந்து விளிம்பைத் தாண்டி ஓடியது. அதை நான் கண்டேன். கண்டும், லினன் துணியை முதுகில் ஒட்டினால் தாங்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். தவணை முடிய ஒன்பது நாள்களே இருந்தன. அனுப்பிவிட்டேன். நண்பரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முறிந்ததும் சரியாக அவ்விடத்தில்தான். அவர் முகத்தில் காயம் படாதது என் நல்லூழ்.

கடையில் வாங்கி அனுப்பியிருந்தால் இந்த இழிவு எனக்கு நேர்ந்திருக்காது. ஆனால், அவசரத்தில் கண்ட குறையை மூடுபவன் நான் என்பதையும் அறிந்திருக்கமாட்டேன். அந்த அறிவுக்கு 300 வெள்ளி விலை வைக்க என்னால் இயலாது.

அவருக்காக இன்னொரு வில் செய்துகொண்டிருக்கிறேன். இம்முறை பலகையைத் தேர்ந்தெடுக்கவே மூன்று மரக்கடைகள் ஏறி இறங்கினேன். இழை நுனிக்கு நுனி நேராக ஓடுகிறது. நேற்றிரவு 22 அங்குலம் வரை இழுத்துப் பார்த்தேன். கீழ்ப்பாதி இன்னும் சற்று விறைப்பாக இருக்கிறது. அவருக்கு 28 அங்குலம் வேண்டும். அவசரப்பட மாட்டேன்.

வாக்கெடுப்புக்கு வரும் நண்பர்களே, இரு விதிகளையும் தள்ளிவிடுங்கள். என் மூன்று விதிகளை ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் தண்டனையை எனக்கே விதியுங்கள்.