கிலோக்கணக்கும் கிராம்கணக்கும்

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. ஆப்கானிஸ்தான் சரக்கு, ஈரான் வழியாக, டால்க் கல் என்ற பெயரில் கண்டெய்னரில் வந்தது. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் பர்மாப் படகு ஒன்றில் 5,500 கிலோவுக்கும் மேல் மெத்தாம்பெட்டமின். 'இவ்ளோ புடிச்சிட்டோம்' என்று மூட்டைகளை அடுக்கிப் படம் போடுகிறார்கள். தப்பிப் போனது எவ்வளவு? அதை விலைதான் சொல்லும். கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் 2024இல் பிடிபட்ட மெத்தாம்பெட்டமின் 236 டன் என்கிறது ஐ.நா.; அதுவரை இல்லாத அளவு. அப்படியும் அங்கே பத்தாண்டுகளாக அதன் விலை இறங்கியே வந்திருக்கிறது.

அபினிக்கு வயல் வேண்டும், தண்ணீர் வேண்டும், அறுக்க ஆள் வேண்டும். 2022இல் தாலிபான் தடை போட்டது, மறு ஆண்டே ஆப்கான் சாகுபடி 95 விழுக்காடு விழுந்தது. மெத்துக்கு ஒரு கொட்டகை போதும். சளி மருந்தில் சேர்க்கிற சூடோஎபெட்ரின் கிடைக்காவிட்டால் வேறொரு ரசாயனத்தில் செய்துகொள்கிறான்.

ஒளிந்து செய்வது மட்டுமா? டேப்பென்டடால் உரிமம் பெற்ற ஆலையில் தயாராகும் வலி மாத்திரை. அதைக் காரிசோப்ரடாலோடு கலந்து மேற்கு ஆப்பிரிக்கக் கறுப்பு இளைஞர்கள் தலையில் கட்டினார்கள் இங்குள்ள கம்பெனிகள். 2025 பிப்ரவரியில்தான் அரசு நிறுத்தியது. அதே டேப்பென்டடாலைத்தான் நம்ம வடசென்னைப் பையன்கள் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். போலீஸ் சுற்றி வளைப்பது எந்தத் தெருவை?

பால்மாட்டுக் கடன் கேட்டு வரும் அக்காவிடம் எத்தனை காகிதம் கேட்கிறோம் என்பது வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும். கண்டெய்னர்காரனிடம் எல்லாக் காகிதமும் இருக்கிறது!

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் மெத் 50 கிராமைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு, ஜாமீன் குதிரைக்கொம்பு. 5,500 கிலோவுக்கும் அதே பத்தாண்டுதான் தொடக்கம். படகின் சொந்தக்காரன் எங்கேயோ இருக்கிறான். பொட்டலத்தைக் கைமாற்றி அன்றாடக் கூலி வாங்குகிறவன் மாட்டுகிறான். நாட்டின் விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தலித். மக்கள்தொகையில் நாம் 16.6 விழுக்காடு.

சேரிக்குள் போதை இல்லை என்று நாம் மழுப்பத் தேவையில்லை. இருக்கு, புள்ளைங்க சாகுது. அதற்கு மருத்துவர் வர வேண்டிய இடத்தில் வேன் வருகிறது. இதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்திலோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மையத்திலோ சிகிச்சையை முழுமையாக முடித்தால் வழக்கு இல்லை. எந்தக் காவல் நிலையச் சுவரில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்? சட்டம் படிக்கும் மாணவத் தோழர்கள் இந்தப் பிரிவைத் துண்டறிக்கையாக்கித் தெருத்தெருவாகக் கொடுங்கள். ஜாமீனுக்கு அலையும் தாய்மார்களிடம் முதலில் கொடுங்கள்.