பரணில் கிடக்கும் குவளை

பழைய பாத்திரம் சேர்ப்பது இப்போது மோஸ்தர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், செட்டிநாட்டு வீடுகளில் புழங்கிய எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி, பித்தளைக் கூஜா எல்லாம் விலைக்குக் கிடைக்கிறது. கூட வேலை பார்க்கும் நண்பர் அப்படி வாங்கிய தட்டில் எனக்குச் சோறு போட்டார். "இதுல ஒரு சரித்திரமே இருக்கு சார்" என்றார்.

இருக்கட்டும். எங்க சரித்திரம் எந்தத் தெருவில் விற்கிறது?

சண்டாளர் உடைந்த கலத்தில்தான் உண்ண வேண்டும் என்றது மனுதர்மம். 1927 டிசம்பர் 25இல் மகாத்தில் அம்பேத்கர் அதைக் கொளுத்தினார். 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்கப்புறமும் முகையூர்ப் பக்கம் டீக்கடைக் கூரையில் எங்க தாத்தாவுக்குன்னு ஒரு கொட்டாங்கச்சி செருகியிருந்தது. பிறகு அதுவே நசுங்கிய அலுமினியக் குவளை ஆனது. குடிச்சிட்டு அவரே கழுவி வைக்கணும்.

ஒருநாள் தாத்தா கழுவவில்லை. குவளையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கடையில் டீ குடிக்கவே இல்லை.

அந்தக் குவளையை நான் கண்ணாடி அலமாரியில் வைக்கவில்லை. தினமும் அதில்தான் காப்பி குடிக்கிறேன். நண்பர் வந்தால் அவருக்கும் அதில்தான் தருவேன், கதையும் சொல்லுவேன்.

தோழர்களே, உங்க வீட்டுப் பரணிலும் தேடுங்கள். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். அது நம்ம கையிலிருக்கும் சாட்சி.