‘வேண்டாம், மேலே ஏத்துங்க’: விமானிகள் முன்கூட்டியே பேசிவைப்பது எதற்கு?

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாள். சென்னை விமான நிலையத்தில் தரையைத் தொடப்போன ஒரு விமானம், பக்கக் காற்றில் ஆடிச் சாய்ந்து, சட்டென்று மேலே ஏறிப்போன வீடியோ எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. ‘அய்யய்யோ, தப்பிச்சாங்கப்பா’ என்று பதறியவர்கள் அதிகம். ஆனால் அப்படித் திரும்ப ஏறுவது வழக்கமான நடைமுறைதான். இறங்க முடியாவிட்டால் எவ்வளவு உயரம் ஏறுவது, எந்தப் பக்கம் திரும்புவது, எரிபொருள் எவ்வளவு நேரம் தாங்கும், சென்னை இல்லையென்றால் பெங்களூரா திருச்சியா என்பதையெல்லாம் இறங்கத் தொடங்கும் முன்பே இரு விமானிகளும் பேசி முடித்துவிட வேண்டும். இதைத்தான் பிரீஃபிங் என்கிறார்கள்.

புறப்படும்போதும் உண்டு. ‘வி1’ என்றொரு வேகம். அதற்கு முன் இன்ஜின் செயலிழந்தால் பிரேக் போட்டு நிறுத்த வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் நிறுத்தக் கூடாது. ஏறிவிட்டுத்தான் திரும்பி வர வேண்டும். ஓடுபாதையில் பாயும்போது யோசிக்க ஏது நேரம்? அதனால் யோசனையை நிற்கும்போதே முடித்துவிடுகிறார்கள்.

பேசினால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் பிழைத்தவர்கள் 8 பேர். பதிவான சுமார் 2 மணி நேர ஒலியில் 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூக்கத்தில் இருந்திருக்கிறார். இறங்கும்போது துணை விமானி மூன்று முறை ‘கோ அரவுண்ட்’, அதாவது இறங்காதீர்கள், மேலே ஏறுங்கள் என்று சொன்னார். கேப்டன் கேட்கவில்லை என்றது விசாரணை அறிக்கை.

இதே பழக்கம் தரையிலும் இருக்கிறது. மீஞ்சூர், அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் ஆலைகளிலும் கட்டுமான இடங்களிலும் ஷிப்ட் தொடங்கும் முன் நடக்கும் ‘டூல்பாக்ஸ் டாக்’ அதுதான். ஹெல்மெட், பெல்ட், இன்றைய வேலை, பிறகு நோட்டில் கையெழுத்து. பல இடங்களில் ஐந்தே நிமிடம். எதிரே நிற்பவர் அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருந்தால், தமிழில் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்று யார் கேட்கிறார்கள்?

மீஞ்சூர் அருகே எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் 2025 செப்டம்பர் 30 அன்று சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள், அசாம்காரர்கள். அந்த விபத்தின் காரணத்தை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால் ‘சாரம் ஆடுது, ஏற மாட்டேன்’ என்று ஒரு ஹெல்பர் சொன்னால் அன்றைய கூலி கைக்கு வருமா என்பதற்கு விசாரணை தேவையில்லை, காண்டிராக்டரே சொல்லலாம். போபாலுக்குப் பிறகு, 1987-இல், அபாயகரமான ஆலைகளில் உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டும் உரிமையைத் தொழிலாளிக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தது.

அந்தக் கையெழுத்து நோட்டில் இன்னொரு கட்டம் போடட்டும்: இன்று வேலையை நிறுத்தச் சொன்னது யார், எத்தனை மணிக்கு, பிறகு என்ன செய்தார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தை. மாதக்கணக்கில் அது காலியாகவே கிடந்தால், அங்கே உடனே விசாரிக்க வேண்டும்.