ஒத்திகைக்கு ஓர் இடம்

பட்டுக்கோட்டை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் கலையின் பெயரால் செலவாகும் பணம் சொற்பமானதன்று. பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கும் விழாக் கமிட்டியார் தாராளமாகவே கொடுக்கிறார்கள். ஆனால், புதிதாக ஒரு நாடகத்தையோ ஆட்டத்தையோ சித்திரத்தையோ பரீட்சித்துப் பார்க்கத் துணிகிற உள்ளூர்க் கலைஞரின் கைக்கு அந்தத் தொகையில் எதுவும் போய்ச் சேருவது அபூர்வம் என்பதும், அவருக்குக் கைகொடுக்க வேண்டிய சர்க்கார் ஸ்தாபனங்கள் பழையதைக் காப்பாற்றுவதோடு தம் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணியிருக்கின்றன என்பதும் நம் விசாரத்துக்குரியவை.

பழையதைக் காப்பாற்றுவதில் நமக்கு ஆட்சேபமில்லை. தஞ்சாவூர் ஓவியமும் தலையாட்டிப் பொம்மையும் வீணையும் பெற்ற புவிசார் குறியீடு 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் கிடைத்தபோது இந்த ஜில்லாவே சந்தோஷப்பட்டது. ஆயினும், அந்த வாத்தியம் இப்போதுள்ள உருவத்தை அடைந்த கதையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். சிறிய திமிரி நாகஸ்வரத்தின் உச்சஸ்தாயி ஓசையை விட்டுக் கீழ்ச்சுருதியில் நின்று நிதானமாக ராகத்தை விஸ்தரிக்க விரும்பிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக, நரசிங்கம்பேட்டை வாத்தியத் தச்சர் ரங்கநாதன் ஆசாரி, இடிந்த பழைய வீடுகளின் தூணிலும் உத்தரத்திலும் பல்லாண்டு கிடந்து ஈரம் வற்றிய ஆச்சா மரத்தைத்தான் இந்தத் தொழிலில் கடைவார்கள் என்ற வழக்கத்தை மாற்றாமல், குழலின் அளவை மட்டும் திருத்தி, அதுவரை வித்வான்கள் உதட்டாலும் மூச்சாலும் சமாளித்து வந்த சுத்த மத்திமம் பிசகாமல் பேசும் பாரி நாகஸ்வரத்தை 1955-ல் உருவாக்கிக் கொடுத்தார். பிள்ளையவர்கள் அடுத்த ஆண்டே காலமானார். வாத்தியம் நிலைத்துவிட்டது. இன்று நாம் சம்பிரதாயம் என்று முத்திரை குத்திக் கொண்டாடுவது, எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைஞரும் ஒரு தச்சரும் சேர்ந்து செய்த சோதனையையே.

இது ஒன்று மட்டுமன்று. இரண்டாம் சரபோஜியின் சபையை அலங்கரித்த தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, அந்நிய வாத்தியமான பிடிலைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடிகளில் ஒருவர். திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் அவருக்குத் தந்தப் பிடிலே பரிசளித்தார். இன்று பரதநாட்டியம் எனப்படும் சதிர்க் கச்சேரியில் முகவீணை இருந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்தது. அதே சரபோஜி, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் ஞாபகார்த்தமாக நம் கடற்கரையில் எட்டடுக்கு மனோராவை எழுப்பினார். யாருடைய வெற்றிக்கு யார் கோபுரம் கட்டுவது என்ற கேள்வி தனி. புதுமை தஞ்சைச் சீமையின் சுபாவத்துக்கு விரோதமானது என்று வாதிப்பவர்கள் இவற்றுக்கெல்லாம் சமாதானம் சொல்ல வேண்டும்.

அண்மைக் காலத்திலும் அந்தச் சுபாவம் மாறிவிடவில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த பேராசிரியர் சே. ராமானுஜம், யூரிப்பிடிஸின் கிரேக்க நாடகத்தைத் தழுவிய ‘வெறியாட்டம்’ நாடகத்தில், யுத்தத்தில் தோற்ற நகரத்துப் பெண்களின் துயரத்தை நம் ஒப்பாரியின் குரலில் எழுப்பினார். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் பயின்ற ஓவியர் எஸ். இளையராஜா, 2021-ல் கொரோனாவுக்கு இரையாகும்வரை, ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கும் கறுத்த மேனிக் கிராமத்துப் பெண்களையே தம் சித்திரங்களின் நாயகியராக்கினார். அவருடைய பாணி பழைய யதார்த்தப் பாணிதானே என்பார்கள்; யாரைப் படத்தின் நடுவில் நிறுத்துவது என்று தீர்மானிப்பதிலும் புதுமை உண்டு என்பது நம் அபிப்பிராயம்.

ஆனால் இந்த மண்ணில் தோன்றிய பலர் தம் வித்தைக்கு இடம் தேடி வெளியே போக நேர்ந்தது. புஞ்சை கிராமத்தில் பிறந்த நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியது சென்னையில். நாடகக் குழுவில் நடித்துப் பழகிய நம் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் சென்னைக்குத்தான் போனார். 1959-ல் இருபத்தொன்பது வயதில் மறைந்த அவருக்கு ஊரில் மணிமண்டபம் இருக்கிறது. இருபது வயதில் அவரைப் போல் ஒருவர் இன்று எழுதத் தொடங்கினால் அமர்ந்து ஒத்திகை பார்க்க ஒரு கூடம் இருக்கிறதா?

சர்க்கார் உதவி அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொசு ஒழிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் மதுவிலக்குக்கும் வீதி நாடகம் போடக் குழுக்களுக்குப் பணம் தருகிறார்கள். சொல்ல வேண்டிய கருத்தும், சில சமயம் வசனமுமே ஆபீசிலிருந்து வந்துவிடுகின்றன. கலைஞருக்கு அதனால் ஜீவனம் நடக்கலாம்; கலை வளராது.

புதுமை செய்வோர் தரப்பிலும் குறை உண்டு. பறையையும் கரகத்தையும் மேடையில் ஒரு நிமிஷம் காட்டி நகரத்து ரசிகரிடம் கைதட்டல் வாங்கிக்கொண்டு, அவற்றை அடித்தவருக்கும் ஆடியவருக்கும் விளம்பரத் தாளில் பெயரும் வரும்படியில் சமபங்கும் கொடுக்க மறப்பவர்களை நாம் ஆதரிக்கவில்லை. அவர்களுக்கு ஊர்ப் பணம் கேட்கவும் மாட்டோம்.

கல்லணைக் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று ஜனங்கள் ஏங்கும் ஊரில் இதற்கென்ன அவசரம் என்ற ஆட்சேபம் கனமானது. அந்த நீர்க் கணக்கையே நாமும் அனுசரிக்கச் சொல்கிறோம். தை அறுவடை முடிந்து ஆனியில் தண்ணீர் எட்டும்வரை வயலில் வேலை குறைவு. திருவிழாக்கள் நடப்பதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவும் அந்தப் பருவத்ததே. அந்த மாதங்களில் நகராட்சி தன் பள்ளிக்கூடக் கூடம் ஒன்றை மாலைவேளையில் ஒத்திகைக்கும் சித்திரக் காட்சிக்கும் வாடகையின்றித் திறந்து வைக்கலாம். தஞ்சையிலுள்ள தென்னகப் பண்பாட்டு மையம், மேடையேறும் இரவுக்கு மட்டுமன்றி ஒத்திகை நாட்களுக்கும் சேர்த்துச் சன்மானம் கணக்கிட்டு, ஆண்டுக்கு ஒரு புதிய படைப்பையேனும் இவ்வட்டாரக் கலைஞரிடம் கேட்டு வாங்கலாம். விழாக் கமிட்டியார் தங்கள் நிகழ்ச்சி நிரலில் ஓர் இரவை, அதுவும் கூட்டம் கலைந்த பின்னிரவை அன்றி இரவு ஒன்பது மணியை, உள்ளூர்ப் புது நாடகத்துக்கு ஒதுக்கட்டும். நாடகம் நன்றாயில்லாவிட்டால் ஜனங்கள் எழுந்து போவார்கள்; அடுத்த ஆண்டு வேறொருவருக்கு அந்த இரவைக் கொடுக்கலாம்.