பெயரை அழித்தார்கள், இப்போது சீட்டை

காஞ்சிபுரத்திலிருந்து ராத்திரி வண்டி பெங்களூருக்குக் கிளம்பினால் வாலாஜா தாண்டுவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். பானெட் மேல் துண்டை விரித்து உட்கார்ந்து வருகிறவர் கேட்பார். பேச்சுக் கொடுத்தால் டிரைவர் தூங்க மாட்டான் என்று நினைக்கிற நல்ல மனுஷன்தான். "டிரைவருக்கு எந்த ஊரு?" சொல்வேன். "ஊர்ல எந்தப் பக்கம்? ஏரிக்கரைப் பக்கமா, கோயில் பக்கமா?" "காலனிங்க" என்பேன். அதற்குப் பிறகு ஆம்பூர் வரைக்கும் என்ஜின் சத்தம் மட்டும்தான்.

ஐம்பது உயிர் என் கையில் இருப்பதில் அவருக்குச் சங்கடம் இல்லை. வண்டி நின்ற இடத்தில் என் பக்கத்தில் நின்று டீ குடிப்பதில்தான் சங்கடம்.

தோழர்களே, இந்த அவமானத்தைச் சொல்லி அழ நான் எழுதவில்லை. 1990இல் சேர்ந்து 2020இல் ஓய்வு பெற்றேன். ஊரடங்கில் ஒரு வண்டியும் ஓடாத ஏப்ரல் மாதக் கடைசி நாளில், மாலை மரியாதை எதுவுமில்லாமல் வீட்டிலிருந்தே ஓய்வு. முப்பது வருஷம் தாங்கியதை இப்போது புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? நான் பேச வந்தது அந்த சீட்டைப் பற்றி. அது எப்படி வந்தது, எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பற்றி.

என் ஒன்பதாவது வயதில் அப்பா இருநூறு ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு என்னைப் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தறிக்காரர் வீட்டில் விட்டார். கோர்வைப் பையன் வேலை. பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழையாகப் பூட்டுவதுதான் கோர்வை. நெய்கிறவர் ஒரு பக்கம் நாடாவை விட்டால் மறுபக்கக் கரையில் பையன் விட வேண்டும். நாங்கள் பூட்டிய சேலை கல்யாண மேடைக்கும் கோயிலுக்கும் போகும். எனக்குத் தண்ணீர் மட்டும் கைக்கு எட்டாமல் மேலிருந்து ஊற்றுவார்கள். கடன் தீர ஏழு வருஷம் ஆனது. பிறகு லாரி கிளீனர், லாரி டிரைவர். கனரக லைசென்ஸ் எடுத்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பட்டியல் சாதிக்கான 18 விழுக்காட்டில் அரசு பஸ் வேலை கிடைத்தபோது வயது இருபத்தெட்டு. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு இருந்தவன் டிரைவர் சீட்டில் ஏறினேன். அன்றைக்கு என் அம்மா வண்டிக்குச் சூடம் காட்டவில்லை, என்னைச் சுற்றித்தான் காட்டினாள்.

இதைத் தலையெழுத்து என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பொதுச் சாலை, தெரு, கிணறு எல்லாருக்கும் உரியது என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்ட மன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் கோழியாளத்தில் பிறந்தவர். மறு வருஷம் இதே காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாநாடு. வகுப்புவாரி பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுக்க மறுத்தார்கள், பெரியார் வெளியேறினார். தெற்கே பஸ் முதலாளிகள் நம்மவரை ஏற்ற மறுத்த காலத்தில், ஏற்றாவிட்டால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். ரோட்டில் நடக்க ஒரு போராட்டம், பஸ்ஸில் ஏற ஒரு போராட்டம், ஸ்டியரிங் பிடிக்க இன்னொன்று. எதுவும் சும்மா வரவில்லை.

இனி 1997க்கு வருகிறேன். இன்றைய மாணவர்கள் பலருக்கு இது தெரியவில்லை என்று கூட்டங்களில் பார்க்கிறேன். அப்போது அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், மருதுபாண்டியர், தீரன் சின்னமலை, ராணி மங்கம்மாள். திருநெல்வேலியில் கட்டபொம்மன். காஞ்சிபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எங்கள் கழகத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர். வட சென்னைக்கு டாக்டர் அம்பேத்கர். அந்த வருஷம் மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கினார்கள். சுந்தரலிங்கம் யார்? கட்டபொம்மன் படையில் தளபதி. கவர்னகிரியில் பிறந்த தேவேந்திர குலத்தவர்.

அவ்வளவுதான். ஆதிக்கச் சாதியினர் அந்த வண்டியில் ஏற மாட்டோம் என்றார்கள். கட்டபொம்மன் பஸ்ஸில் ஏறிப் போனவர்களுக்குக் கட்டபொம்மனின் தளபதி பஸ் தீட்டாகிவிட்டது! கல்லெறி, பஸ் உடைப்பு, கலவரம், துப்பாக்கிச் சூடு. கடைசியில் ஜூலையில் அரசு என்ன செய்தது? ஏற மாட்டேன் என்றவனை விட்டுவிட்டுப் பெயரைத் தண்டித்தது. எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை ஒட்டுமொத்தமாக எடுத்தது. சுந்தரலிங்கம் போனார். அவரோடு அம்பேத்கரும் போனார்.

எங்கள் டிப்போவில் பெயிண்டர் வந்து எம்.ஜி.ஆர். பெயர் மேல் பச்சை அடித்ததை நின்று பார்த்தேன். நானும் எம்.ஜி.ஆர். ரசிகன்தான், மனசு கேட்கவில்லை. கூட வேலை பார்த்தவர் ஒருவர், நல்ல சினேகிதர், சொன்னார்: "உங்க ஆளுங்களால எங்க தலைவர் பேரும் போச்சுப்பா." அழித்தவன் மேல் கோபம் இல்லை, கல்லெறிந்தவன் மேலும் இல்லை. பெயருக்கு உரியவனான என் மேல்தான் கோபம். இந்த நாட்டில் சாதி வேலை செய்கிற விதத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

பஸ்ஸுக்குத் தலைவர் பெயர் எதற்கு, நம்பரும் ஊர்ப் பெயரும் போதாதா என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முந்தின வருஷமே கொள்கையாகச் செய்திருந்தால் நானும் கை தட்டியிருப்பேன். கல் விழுந்த பிறகு செய்ததற்குப் பெயர் கொள்கை இல்லை, சரணாகதி.

அதே நாட்களில்தான், ஜூன் 30, மேலவளவு. தனித் தொகுதியாக்கப்பட்ட பஞ்சாயத்தில் வென்று தலைவரான முருகேசன் மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்புகிறார். பஸ்ஸை மறித்து அவரையும் கூட இருந்தவர்களையும் வெட்டுகிறார்கள். ஆறு பேர் செத்தார்கள். 2001இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை. 2019இல் பதின்மூன்று பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. டிரைவர் என்பதால் எனக்கு அந்த பஸ்தான் கண்ணில் நிற்கிறது. பஸ் எல்லாருக்கும் பொது என்று நான் நம்பிய இடத்தில்தான் ஆள் தேடி வெட்டினார்கள்.

பெயர் போனது பழைய கதை. இப்போது போவது வேலை.

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையில் 120 மின்சாரப் பஸ்களைத் தொடங்கி வைத்தார்கள். புகை இல்லை, சத்தம் இல்லை, தாழ்தளம். நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். கண்டக்டர் அரசு ஆள். டிரைவர்? ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனத்தின் ஆள். ஓடுகிற கிலோமீட்டருக்கு அரசு காசு கொடுக்கும். அரசு நியமனம் என்றால் இனச்சுழற்சி உண்டு, 18 விழுக்காடு உண்டு, 2009 முதல் அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உண்டு. ஒப்பந்தக்காரர் ஆள் எடுத்தால் அவர் வைத்ததுதான் சட்டம். வியாசர்பாடி யார் வாழ்கிற பகுதி என்று உங்களுக்குத் தெரியும். அம்பேத்கர் பெயரில் பஸ் ஓடிய வட சென்னை. அங்கிருந்துதான் இது ஆரம்பிக்கிறது. "சமூக நீதி" என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் டெண்டரில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

தனியாரில் என்ன நடக்கும் என்பதை ஆம்னி பஸ்ஸில் பாருங்கள். என் அக்கா மகன் சென்னை–கோயம்புத்தூர் வண்டி ஓட்டுகிறான். ராத்திரி போய், பகலில் லக்கேஜ் வைக்கிற டிக்கியில் பாய் விரித்துப் படுத்து, அன்று ராத்திரியே திரும்புகிறான். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றது. தூர வண்டிக்கு அனுமதி வாங்கினாலும் பத்துதான். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. அவனிடம் இதைச் சொன்னேன். "மாமா, இதைக் கேட்டா நாளைக்கு வேற டிரைவர் உக்காந்திருப்பான்" என்றான். இந்த வண்டிகளின் முதலாளிகளில் நம்மவர் எத்தனை பேர் என்று நான் கேட்கத் தேவையில்லை. ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் என்பதும் தெரிந்ததுதான்.

அவனும் அரசு வேலைக்கு எழுதிப் போட்டவன். கனரக லைசென்ஸ், பத்து வருஷ அனுபவம், ஒரு விபத்து கிடையாது. அரசு பஸ் தனியார் கைக்குப் போனால் அவனுக்கு அந்த டிக்கிதான் நிரந்தரம்.

மாணவத் தோழர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர் மண்டல அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். நிரந்தர டிரைவர் எத்தனை, ஒப்பந்த டிரைவர் எத்தனை, நிரப்பாமல் கிடக்கிற பட்டியல் சாதிப் பணியிடம் எத்தனை, ஒப்பந்தத்தில் இட ஒதுக்கீடு பற்றி என்ன எழுதியிருக்கிறது. நான்கே கேள்விதான், மனுவுக்குப் பத்து ரூபாய். காஞ்சிபுரத்துக்கு நான் போட்டாயிற்று. பதில் வரட்டும், அடுத்த இதழில் எழுதுகிறேன்.