சுடாத துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறவர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என் மாமாவுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. ஒருநாள் சாயங்காலம், ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த நேரம், தெரிந்தவர் ஒருவர் பழைய போர்வையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்தால் ரைஃபிள். அவருடைய தாத்தாவுடையது. பர்மிங்ஹாமில் செய்த பி.எஸ்.ஏ. மார்ட்டினி, பாயிண்ட் 22. ஒரு தோட்டா போட்டு, சுட்டு, மறுபடி ஒரு தோட்டா போட வேண்டிய வகை. மாமா அதைக் கையால் தொடவில்லை. மேஜைமேல் வைக்கச் சொன்னார். அடியில் இருந்த லிவரை அவரையே இழுக்கச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"லைசென்ஸ் இருக்கா?"

"தாத்தா பேர்ல இருந்துச்சு."

"அப்போ முதல்ல ஸ்டேஷனுக்குப் போங்க. இங்க வைக்காதீங்க."

இரண்டு வருடம் கழித்து அந்த ரைஃபிளை அவர்கள் வீட்டு ஹால் சுவரில் பார்த்தேன். கட்டைக்கு வார்னிஷ் அடித்திருந்தார்கள். இரும்பை எமரி போட்டுத் தேய்த்து எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஆக்கியிருந்தார்கள். உள்ளே சேம்பரை வெல்டு வைத்து அடைத்தாயிற்று. "ரெஸ்டோர் பண்ணிட்டோம்" என்றார்கள், பெருமையாக.

எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தில் எழுதுவது.

ஓடாத சைக்கிளுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு மீட்டெடுத்தேன் என்று சொல்ல முடியுமா? அம்பத்தூர்க்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். எங்களுக்கு பி.எஸ்.ஏ. என்றாலே சைக்கிள்தான். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அந்தப் பெயரை இந்த ஊர்த் தெருவெல்லாம் ஓட்டியது. அந்த மூன்று எழுத்தின் விரிவு 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்' என்பது, அதை மிதித்துக்கொண்டு டியூஷனுக்குப் போன எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1861இல் பர்மிங்ஹாம் துப்பாக்கி ஆசாரிகள் ஒன்றுகூடி ஆரம்பித்த கம்பெனி. ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று ரைஃபிள்கள்தான் அதன் முத்திரை. சைக்கிள் பிரிவை 1957இல் ராலே கம்பெனிக்கு விற்றார்கள். ஆக, அந்த மார்ட்டினியும் என் முதல் சைக்கிளும் ஒருவகையில் பங்காளிகள். ஒன்றை ரிப்பேர் செய்தால் மெக்கானிக், இன்னொன்றை ரிப்பேர் செய்தால் குற்றவாளி.

ரிம்ஃபயர் என்பது என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்து அடிப்பக்கத்தின் நடுவில் தனிக் குப்பியாக இருக்கும். ரிம்ஃபயரில் அது தோட்டாவின் அடி விளிம்புக்குள்ளேயே, மடிப்பில் ஒளிந்திருக்கும். ஊசி அந்த விளிம்பை சேம்பரின் ஓரத்தோடு சேர்த்து நசுக்கினால் வெடிக்கும். 1840களில் பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் வீட்டுக்குள் குறிபார்த்து விளையாடுவதற்காகச் செய்ததிலிருந்து வந்த யோசனை இது. இன்று நாம் பாயிண்ட் 22 என்று சொல்லும் லாங் ரைஃபிள் தோட்டா 1887இல் வந்தது. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும்: குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்து, 25 கஜ தூரத்தில் காகிதத்தைச் சுடுவது அதே பாயிண்ட் 22தான்.

இப்படிப்பட்ட பழைய ரைஃபிள் எதனால் சாகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் சின்ன விஷயங்கள். தோட்டா இல்லாமல் விசையை அமுக்கி அமுக்கி விளையாடியிருப்பார்கள். ஊசி சேம்பர் ஓரத்தில் மோதி மோதிக் குழி விழுந்திருக்கும். அதன்பிறகு தோட்டா வைத்தாலும் விளிம்பு சரியாக நசுங்காது, வெடிக்காது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அந்தக் காலத்துத் தோட்டா மருந்து சுட்டபின் உப்பை விட்டுவிட்டுப் போகும். அன்றே துடைக்காவிட்டால் குழலுக்குள் துரு தின்றுவிடும். அதற்கும் வழி உண்டு, குழலைக் குடைந்து உள்ளே புதுக்குழாய் பொருத்துவார்கள். இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பொறுமையும் அளவும் தெரிந்த கை வேண்டும். ஆவடியில் 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கி செய்துகொண்டிருக்கிறது. அதற்கும் மற்ற ஆலைகளுக்கும் பாகம் கடைந்து பழகிய கைகள் இந்த வட்டாரத்தில் எத்தனை!

எமரி போட்டுத் தேய்த்தால் என்ன போகிறது தெரியுமா? கம்பெனி முத்திரை, வரிசை எண், குழலைச் சோதித்ததற்கான குத்து அடையாளம் எல்லாம் போகும். அதுதான் அதன் ஜாதகம். சுடுகிற நிலைக்குக் கொண்டுவருகிறவன் அதன்மேல் கை வைக்கமாட்டான். அவனுக்கு மேல்பளபளப்பு முக்கியமில்லை. சுவரில் மாட்டுகிறவன்தான் முதலில் அதை அழிக்கிறான்.

இதைச் செய்யத் தூண்டுவது யார்? சட்டம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழமையான அல்லது பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் ஒரு கொக்கியோடு. ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது இனி சுடாது என்று இருக்க வேண்டும். பழசு என்பதால் விடுதலை இல்லை. எந்த ஆசாரியாலும் எழுப்ப முடியாத பிணம் என்றால்தான் விடுதலை. அமெரிக்காவில் 1898க்குள் செய்தது ஆன்டிக் என்று ஒரு வருடக் கணக்கு உண்டு. அவர்களுடைய மற்ற துப்பாக்கிக் கூத்துகள் நமக்கு வேண்டவே வேண்டாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே ஒரு பொருளைக் கொன்றால்தான் காப்பாற்றலாம் என்று எழுதி வைத்திருக்கிறோம். 2019 திருத்தம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்றது, பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அதே கணக்கு. பிறகு குடும்பங்கள் வெல்டிங் கடையைத்தானே தேடும்?

"துப்பாக்கிமேல உனக்கென்னடா இவ்ளோ பாசம்?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. இந்தப் பக்கத்தில் அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. பூந்தமல்லி தாண்டிப் போனால் ஸ்ரீபெரும்புதூர். 1991இல் அங்கே நடந்த கொலை குண்டால் நடந்தது, துப்பாக்கியால் இல்லை. ஆனாலும் அந்த வழக்கு பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் நடந்து, 1998இல் 26 பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்த வருடங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆயுதம் என்ற சொல்லே தொண்டையை அடைக்கும். என் அம்மா பொம்மைத் துப்பாக்கிகூட வாங்கித் தரவில்லை. அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். லைசென்ஸ் வேண்டும், பதிவு வேண்டும், பூட்டு வேண்டும், எல்லாம் சரி. நான் கேட்பது, அந்த லைசென்ஸுக்குள் ஒரு கதவு. ரைஃபிள் கிளப் உறுப்பினர் குறிப்பயிற்சிக்கு வைத்திருக்கும் பாயிண்ட் 22க்கு இதே சட்டம் ஏற்கனவே தனிச்சலுகை தந்திருக்கிறது. அதே கதவு வழியாகத் தாத்தாவின் ஒற்றைத்தோட்டா ரைஃபிளும் உள்ளே வரட்டும். லைசென்ஸ் உள்ள பட்டறை அதைப் பழுதுபார்க்கட்டும். வருடத்துக்கு இரண்டுமுறை காகிதத்தைச் சுடட்டும்.

இதுவரை தாத்தா ரைஃபிள் வைத்திருந்த வீடுகளைப் பற்றியே பேசினேன். உண்மையில் இந்த வட்டாரத்தில் ஒற்றைச்சூட்டுத் துப்பாக்கியைத் தலைமுறை தலைமுறையாக உயிரோடு வைத்திருந்தவர்கள் வேறு ஆட்கள். ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் அங்கே போய் ஒரு வீட்டில் சாப்பிட்டது டிவியில் வந்ததே, அதேதான். அந்தச் சமூகத்தின் நாட்டுத்துப்பாக்கி ரிம்ஃபயர் இல்லை. வாய்வழியாகக் கரிமருந்து கெட்டிக்கிற வகை. ஆனால் கட்டை உடைந்தால் கட்டை மாற்றி, ஸ்பிரிங் போனால் ஸ்பிரிங் போட்டு, அது சுடும்படி பார்த்துக்கொண்டார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையை நிறுத்தியது, நிறுத்தியது சரிதான். ஆனால் துப்பாக்கியோடு சேர்த்து அந்தக் கைவேலைக்கும் யாரும் ஒரு மரியாதை தரவில்லை. பர்மிங்ஹாம் ரைஃபிளை வெல்டு வைத்து அடைத்தவர் ரெஸ்டோரர். நாட்டுத்துப்பாக்கியைச் சரிசெய்தவர் போலீஸ் பார்வையில் சந்தேகத்துக்குரிய ஆள். பக்கத்து மாநிலத்தில் குடகர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து லைசென்ஸ் விலக்கு உண்டு, 2019இல் இன்னும் பத்து வருடம் நீட்டித்தார்கள். அங்கே அது பண்பாடு. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே நாடாளுமன்றத்துக்கு 2022 டிசம்பர் ஆகிவிட்டது.

1878 ஆயுதச் சட்டத்தில் வெள்ளையர்களுக்கு விலக்கு கொடுத்து மற்றவர்களிடம் லைசென்ஸ் கேட்டான் லிட்டன். சுதந்திரம் வந்து சட்டத்தை மாற்றினோம். யார் கை நம்பகமான கை என்று தீர்மானிக்கிற புத்தி மட்டும் மாறவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அன்றைக்கு அவர் ரைஃபிளைச் சுற்றிக்கொண்டு போனபிறகு மாமா கொஞ்சநேரம் பேசவில்லை. டூல்களைத் துடைத்து அடுக்கினார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சேம்பர் ஓரத்துல ஒரு குழி இருந்துச்சு, பாத்தியா? யாரோ சின்னப் பசங்க தோட்டா போடாம டொக்கு டொக்குன்னு அமுக்கியிருக்காங்க. மத்தபடி குழல் சுத்தமா இருக்கு. அரை மணி நேர வேலைடா அது."

மீதி ஷட்டரையும் இறக்கினார்.