பஞ்சு நாட்டில் தீயணைப்புப் பணி

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கலாகாது என்பர் நம் முன்னோர். கொங்கு நாடோ பஞ்சையே வாழ்வாகக் கொண்ட நாடு. கோவையின் நூற்பாலைகள், சோமனூர், பல்லடம் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்கள், திருப்பூரின் பனியன் கழிவுத்துணிக் குடோன்கள், பொள்ளாச்சியின் தென்னைநார் ஆலைகள், தோட்டந்தோறும் சோளத்தட்டுப் போர்கள் என எளிதிற் பற்றும் பொருள்களின் நடுவே நாம் வாழ்கிறோம். ஆயினும் தீயணைப்புப் பணியைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது, செந்நிற வண்டி மணியொலித்துத் தெருவில் விரையும் அந்த ஒரு நிமிடம் மட்டுமே.

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைத் திருநாள். அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். அதுவே தீயணைப்போர் நினைவு நாளும் ஆகும் என்பதைப் பலர் அறியார். 1944ஆம் ஆண்டு அந்நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ என்னும் கப்பலில் தீப்பற்றியது. அதனுள் வெடிமருந்தும் இருந்தது, பருத்திப் பொதிகளும் இருந்தன. பொதியில் பிடித்த தீ எளிதில் அணையாது. மேலே நீர் பாய்ந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். இதனை நம் ஆலைத் தொழிலாளர் எவரும் சொல்வர். தீயணைக்கப் போராடிய வீரர் அறுபத்தாறு பேர் வெடிப்பில் மாண்டனர்.

இத்தகு பணி நாடு முழுமைக்கும் ஒன்றாக வேண்டுமா, ஊர்தோறும் வேறாக இருக்கலாமா என்பது நெடுநாளைய வினா. இரண்டாம் உலகப்போரில் குண்டுமழைக்கு ஆளான பிரிட்டன், 1941இல் தன் உள்ளூர்ப் படைகளை ஒன்றாக்கித் தேசியத் தீயணைப்புப் படை கண்டது. போர் முடிந்தபின் 1948இல் அதனை மீண்டும் உள்ளாட்சிகளிடமே ஒப்படைத்தது. நம் அரசியலமைப்பில் 74ஆம் திருத்தத்தின் வழி வந்த பன்னிரண்டாம் அட்டவணை, தீயணைப்பை நகராட்சிகளின் பணிகளுள் வைத்துள்ளது. மும்பையிலும் அகமதாபாத்திலும் மாநகராட்சியே படையை நடத்துகிறது. தமிழகத்தில் அது மாநில அரசின் துறை. நம் கருத்தில் தமிழகத்தின் வழியே நல்வழி. ஏழ்மையான பேரூராட்சி ஒன்றால் வண்டியும் வாங்க இயலாது, ஆளும் வைக்க இயலாது. அதற்காகத் தில்லியிலிருந்து ஆணையிடும் ஒரே படை வேண்டும் என்றும் நாம் சொல்லோம். தீயின் முதற் பத்து நிமிடமே உயிரைத் தீர்மானிக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் எட்டக்கூடியது அருகிலுள்ள நிலையம் மட்டுமே.

எனினும் தீ எல்லை அறியாது. 2023 ஏப்ரலில் கோவைக்கு மேற்கே ஆலாந்துறைப் பக்கத்து மலைக்காட்டில் பற்றிய தீயை அணைக்க, சூலூர் விமானப்படைத் தளத்து ஹெலிகாப்டர், கேரளத்து மலம்புழை அணையில் நீர் முகந்து வந்து ஊற்றியது. ஊர்தி நடுவண் அரசினது, நீர் அண்டை மாநிலத்தது, மலையேறிப் போராடியோர் நம்மவர். நாம் வேண்டும் ‘தேசியம்’ இதுதான்: ஒரே தரப் பயிற்சி, ஒன்றோடொன்று பொருந்தும் கருவிகள், எல்லை கடந்த உதவி. பயிற்சிக்கு நாகபுரியில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி 1950களிலிருந்தே உள்ளது. மாநிலப் படைகளை வலுப்படுத்த 2023இல் 5,000 கோடி ரூபாய்த் திட்டமொன்றை நடுவண் அரசு அறிவித்தது. அதன் பயன் பெருநகர்களின் வானளாவிய ஏணிகளோடு நில்லாது, காங்கேயத்துக்கும் அவிநாசிக்கும் வந்து சேர வேண்டும்.

இப்பணியில் இன்று தீயைக் காட்டிலும் மீட்பே பெரிதாகி வருகிறது. 2019 திசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மதிற்சுவர் வீடுகளின்மேல் சாய்ந்து பதினேழு பேர் மாண்டபோது, கொட்டும் மழையில் இடிபாடுகளை அகற்றியவர்களுள் இவ்வீரர்களும் இருந்தனர். நம் வட்டாரத்துக் கிணறுகளோ பாறை குடைந்த ஆழ்கிணறுகள். மாடு விழுந்தாலும் மனிதர் விழுந்தாலும் அழைப்பு 101க்கே போகிறது. நெடுநாள் இறைக்காத கிணற்றில் உயிர்வளி குறைந்திருக்கும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் அங்கேயே மடிவதுண்டு. மூச்சுக்கருவி இன்றி எவரும் இறங்கலாகாது என்னும் எளிய செய்தி இன்னும் எல்லாச் சிற்றூர்களுக்கும் எட்டவில்லை. ஓர் உயிரைக் காப்பதைத் திருமறை எத்துணை உயர்த்திப் பேசுகிறது என்பதை இம்மலரின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

குறை அரசிடம் மட்டுமா? 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் கருகினர். அதன்பின் பள்ளிகளின் கூரைகள் மாறின. மனநிலை மாறியதா என்பதே ஐயம். தீயணைப்புச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுகிறோம். அதன் கீழேயே அவசர வழியை அட்டைப்பெட்டிகளால் அடைக்கிறோம். திருமண மண்டபங்களிலும் துணிக்கடைகளிலும் இதை யாவரும் காணலாம்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தடுப்பு வாரம் நடைபெறுகிறது. அது கல்லூரிகளுக்குத் தேர்வுக்காலம், மாணவர் வருவதில்லை. ஆதலின் கல்லூரி திறந்த முதல் திங்களிலேயே, நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழி, அருகிலுள்ள நிலையத்தாரை அழைத்து முதலாண்டு மாணவர்க்குப் பயிற்சியளிக்கக் கல்லூரிகள் முன்வர வேண்டும். ஆலையூர்களிலிருந்து வரும் மாணவரை முதற்கண் சேர்க்கலாம். குடோன்கள் அவர்கள் வீட்டுக்கு அடுத்த சுவரில்தான் இருக்கின்றன.